ரோவீனாவின் மெட்டு

கெட்டரிங்
6 ஜூன் 1967

நெவில்,

ரோவீனா யார்?

அப்பாவின் இருமல், பள்ளிக்கூடத் தேர்வு, மாடியில் ஒழுகும் குழாய் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் கேட்பதுபோல இதைக் கேட்கலாமென்று நினைத்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டபிறகு, எனக்குத் தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான் என்று புரிந்தது. ஆகவே மறுபடியும் கேட்கிறேன். ரோவீனா யார்?

நேற்று சாயங்காலம் நான்காம் வகுப்புப் பெண்களின் இசைத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மோரீன் டிரான்சிஸ்டரை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஆட்ரி, ஓடி வா! உன் வீட்டுக்காரர் பாடுறாருடி! கடல்ல கப்பலை நிறுத்திக்கிட்டுப் பாட்டுப் போடுறாங்களே, அவங்க போடுறாங்க!"

கையில் சிவப்பு மையோடு ஓடினேன். நான்கு மாதத்துக்கு முன்னால் லண்டனுக்குப் போன புருஷனின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்கிறது. கூரைமேல் நடக்கும் ரோவீனா, ஊதாக் கையுறை போட்ட ரோவீனா, நிலவை நக்கிப் பார்க்கும் ரோவீனா, என் ஜன்னலுக்கு வா ரோவீனா. மோரீன் பாட்டைக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நல்ல பேரு. உங்க சொந்தக்காரப் பொண்ணா?" என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குத் தெருவில் பேச அவளுக்கு அது போதும்.

இன்று பள்ளி விட்டதும் போய் இசைத்தட்டை வாங்கினேன். பாடுவது என் புருஷன் என்று கடைப் பெண்ணிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பியானோவில் வாசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நீ எனக்கு ஒரு பாட்டு எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஜி, சி, டி, மறுபடி ஜி. மூன்றே ஸ்வரக் கூட்டு. நான்கு நான்காக எண்ணிக்கொண்டு தபால்காரர் மாதிரி நேராக வாசலுக்கு வந்து நின்றுவிடும். நான் அதற்கே அழுதேன். ரோவீனாவுக்கு மட்டும் ஏழாவது ஸ்வரம் அரைப்படி இறங்கி வருகிறது. எதிர்பார்க்காத இடத்தில் எஃப் வந்து, திரும்பி வர வழி தெரியாத மாதிரி அங்கேயே சுற்றுகிறது. அதைவிட மோசம், நான்காவது கட்டத்தில் ஒரு எண்ணிக்கை அதிகம். நாலு, நாலு, நாலு, ஐந்து. அந்த ஐந்தாவதில் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். யாருக்காக நிற்கிறாய்? பஸ்ஸுக்குப் போகும்போதுகூட நீ எனக்காக ஒரு எண்ணிக்கை நின்றதில்லை.

இன்னொன்று. பாட்டு என் பியானோவில் உட்காரமாட்டேன் என்கிறது. வெள்ளைக் கட்டையில் வாசித்தால் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கிறது, பக்கத்துக் கறுப்புக் கட்டையில் வாசித்தால் இறங்கியிருக்கிறது. பியானோ கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். சுருதி சேர்க்கும் மிஸ்டர் கோப்பை வரச் சொல்லியிருக்கிறேன்.

பதில் உடனே வரவேண்டும்.

ஆட்ரி


கேம்டன் டவுன், லண்டன்
10 ஜூன் 1967

என் அசட்டு ஆட்ரி,

ரோவீனா ஒரு பூனை.

சிரித்து முடித்துவிட்டாயா? நான் உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்ததில் வீட்டுக்கார அம்மா மிஸஸ் பெட்ஜர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அந்தப் பூனை அவருடையதுதான். தினமும் சாயங்காலம் தலையில் சுருள்களோடு பின்வாசலில் நின்று, "ரோவீனா! இறங்கி வாடி, சனியனே! மீன் வச்சிருக்கேன்!" என்று கூப்பிடுவார். அது கேட்காத மாதிரி கூரைமேல் நடக்கும். ஊதாக் கையுறை எங்கிருந்து வந்தது தெரியுமா? அடுத்த வீட்டில் சட்டைகளுக்குச் சாயம் போடும் பெண்கள் வாளியை வெளியே வைத்திருந்தார்கள். ரோவீனா முன்னங்கால் இரண்டையும் அதில் விட்டுவிட்டது. பதினைந்து நாள் அரசகுமாரி மாதிரி ஊதாக் கையோடு திரிந்தது. நிலவு என்று பாடியது பால் தட்டை. மோரீனைக் கூப்பிட்டு இதை அப்படியே சொல்லிவிடு.

நம்முடைய பாட்டெல்லாம் போதை மருந்து தின்று சொர்க்கத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவது என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். நீயாவது நம்பாதே. 'கண்ணாடி டிராம்' பாட்டு பல் டாக்டரின் நாற்காலியில் வந்தது, வாயில் பஞ்சோடு. 'பன்னிரண்டு மணி அரசர்' கஞ்சிப் பொட்டலத்தின்மேல் படமாக இருக்கும் தாடிக்காரர். ஒரே ஒரு தடவை டெரிக் கொடுத்த, அந்த மருந்து ஊறிய சர்க்கரைக் கட்டியைத் தின்றேன். குளியலறைக் கம்பளத்தைப் பார்த்து ஆறு மணி நேரம் அழுதேன். அதிலிருந்து ஒரு வரி தேறவில்லை.

பியானோவின்மேல் குற்றமில்லை. எங்கள் பதிவைக் கவனிக்கும் மிஸ்டர் ஸ்ட்ராகன் கடைசியில் டேப்பைச் சற்று மெதுவாக ஓட்டிவிட்டார், குரல் கெட்டியாக வரட்டும் என்று. அதனால்தான் பாட்டு இரண்டு கட்டைக்கும் நடுவே விழுந்துவிட்டது. கோப்பை வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

கார்டினல்கள் என்ற பெயரில் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு கெட்டரிங் கல்யாணங்களில் வாசித்த நாங்கள் நாலு பேரும் இப்போது 'பியூட்டர் மூன்'. டெரிக் வெல்வெட்டில் கால்சட்டை தைத்திருக்கிறான், உட்கார்ந்தால் கிழிகிறது. நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்த ஐந்தாவது எண்ணிக்கை அப்படியே வந்துவிட்டது. அதையெல்லாம் நோண்டாதே.

உன் நெவில்


கெட்டரிங்
14 ஜூன் 1967

அன்புள்ள நெவில்,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே மிஸ்டர் கோப் வந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் இடுக்கியும் காதுமாக இருந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பியானோ சரியாத்தான் இருக்கு, மிஸஸ் டார்லோ. பாட்டுதான் சரியில்ல."

"பாடுறது என் புருஷன்."

"அப்படின்னா அவரைத்தான் கூட்டிட்டு வந்து சுருதி சேர்க்கணும்" என்றார். பிறகு நடுவில் இருக்கும் அந்த டி கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வருஷமா இப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது? ஒவ்வொரு தடவையும் நகத்தால தூக்கி விட்டுட்டா வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். நல்ல மனுஷர். என் வாசிப்பைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று தேநீர் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

பூனையை நம்புகிறேன். ஊதாக் கையை உன்னால் கற்பனை செய்ய முடியாது, அதனால் அது உண்மையாகத்தான் இருக்கும். மோரீனிடமும் சொன்னேன். "பூனையா? சரி சரி" என்றாள், எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரிப் பார்த்துக்கொண்டே.

ஆனால் நெவில், வார்த்தைதான் பூனைக்கு எழுதியது. மெட்டு பூனைக்கு வந்ததில்லை.

உன் மெட்டுகள் எனக்கு அத்துபடி. ஏணியில் ஏறப் பயப்படுகிறவன் மாதிரி, இரண்டு படி ஏறினால் ஒரு படி இறங்கிக்கொள்வாய். இது ஆறு படி ஏறி, மேலேயே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டார் பிடிக்கிற விரலுக்கு அந்த வழி தோன்றவே தோன்றாது. இது பியானோ வாசிக்கிறவர்களின் கைவாகு. இடதுகை பலமான ஒருத்தி. அவசரப்படாதவள். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறவள். அவள் எப்படி நாற்காலியில் உட்காருவாள் என்றுகூட என்னால் சொல்ல முடியும்போல இருக்கிறது. நேற்று அந்த மெட்டை வாசித்துக்கொண்டே இருந்தேன், அடுப்பில் உருளைக்கிழங்கு கரிந்துபோனது. என் புருஷனை வளைத்துப் போட்டவள் ஒரு சாதாரணக்காரியாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இவளை எனக்கே பிடித்துவிடும்போல இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

அவள் பெயரைச் சொல். பூனை பெயர் வேண்டாம்.

ஆட்ரி


கேம்டன் டவுன்
19 ஜூன் 1967

என் ஆட்ரி,

பெயர் வேண்டுமா? போய்க் கண்ணாடியைப் பார்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது சொல்லி உன்னைத் திகைக்க வைக்கலாமென்று மூடி வைத்திருந்தேன். நீ விடமாட்டேன் என்கிறாய். பிப்ரவரியில் நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? டெரிக்கிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை முன்னறையில் சோதித்துக்கொண்டிருந்தேன். சிகரெட் தீர்ந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டு வாங்கப் போனேன். வழியில் சிநேகிதன் டெட் பிடித்துக்கொண்டான், ஒரு கோப்பை பியர் என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் நீ பியானோவில் பள்ளிக்கூடப் பயிற்சி ஏதோ வாசித்திருக்கிறாய். எல்லாம் டேப்பில் விழுந்துவிட்டது.

இங்கே வந்து ஒரு நாள் அந்த டேப்பை அவசரத்தில் முன்பின் மாற்றி மாட்டிவிட்டேன். ஆட்ரி, உன் பியானோ கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியது. ஒவ்வொரு ஸ்வரமும் எங்கிருந்தோ மெல்லப் பெருத்து வந்து, உச்சத்தில் டப்பென்று நிற்கிறது. டெரிக் தின்றுகொண்டிருந்த ரொட்டியைக் கீழே போட்டுவிட்டான். "டேய், எந்த நாட்டு வாத்தியம்டா இது?" என்றான். மிஸ்டர் ஸ்ட்ராகன் உள்ளே வந்து, "யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். திரும்பி வந்த அந்த மெட்டைத்தான் அப்படியே பாடினேன். அடியில் கேட்கும் பெருமூச்சு மாதிரியான சத்தம் உன் பியானோதான். ஐந்தாவது எண்ணிக்கை? நீ நகத்தால் அந்த டி கட்டையைத் தூக்கிவிட எடுத்துக்கொண்ட நேரம்! ஒரு பத்திரிகைக்காரன் அதைக் கிழக்கு நாட்டு ஞானம் என்று எழுதியிருக்கிறான்.

நீ இத்தனை நாள் உன்னைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறாய். இப்போது சந்தோஷம்தானே?

உன்னுடைய நெவில்


கெட்டரிங்
22 ஜூன் 1967

நெவில்,

உன் கடிதம் வந்ததும் இசைத்தாளை எடுத்து ரோவீனாவின் மெட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொரு ஸ்வரமாக எழுதினேன். இரண்டாவது வரி முடிவதற்குள் மிச்சத்தைப் பார்க்காமலே எழுத முடிந்தது. நான்காவது வரியில் என் பாட்டு முழுசாக நின்றது.

பள்ளிக்கூடப் பயிற்சி என்கிறாய். பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படியொரு பயிற்சி கொடுப்பார்களா? அது என்னுடையது. மூன்று குளிர்காலமாகச் செய்துகொண்டிருந்தேன், நீ வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில். இடைப்பகுதி மட்டும் சரியாக வரவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கார்டினல்களில் பாட்டு எழுதுவது நீ, தேநீர் போடுவது நான் என்று ஆறு வருஷமாக நடந்தது. அதை மாற்றுவதற்கு முழுசாக ஒரு பாட்டு கையில் இருக்கட்டும் என்று காத்திருந்தேன். இனி அந்த மெட்டை நான் வெளியே வாசித்தால், "ரோவீனாவைப் பின்னாலிருந்து வாசிக்கிறாளே, கெட்டிக்காரி" என்பார்கள்.

உனக்குப் புரிகிறதா, நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று? என் பாட்டு நேராக ஓடியபோது நீ சிகரெட் வாங்கப் போய்விட்டாய். திருப்பிப் போட்டபோது வாயைப் பிளந்தாய்.

எனக்குச் சந்தோஷமா என்று கேட்கிறாய். ஒன்றில் சந்தோஷம், வேறு பெண் இல்லை. ஆனால் பொறாமை போகவில்லை, நெவில். ஆள்தான் மாறியிருக்கிறது. இப்போது உன்மேல். கப்பலில் உன் பெயரைச் சொல்கிறார்கள், பள்ளியில் என் மாணவிகள் உன் படத்தை மேஜைக்குள் ஒட்டியிருக்கிறார்கள், நான் மேஜை மூடியை ஓங்கிச் சாத்துகிறேன். புருஷன்மேல் இப்படி ஒரு பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இசை வாரப் பத்திரிகையில் உன் பேட்டியையும் படித்தேன். மெட்டு கனவில் வந்ததாம். கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கொடுத்தாராம். அந்தக் கிழவர் நான்தான்.

இசைத்தட்டில் 'மெட்டு: ஆட்ரி டார்லோ' என்று வரவேண்டும். பத்திரிகைக்காரனிடம் உண்மையைச் சொல்லவேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

ஆட்ரி


கேம்டன் டவுன்
30 ஜூன் 1967

அன்புள்ள ஆட்ரி,

நீ கேட்பது நியாயம்தான். இல்லையென்று சொல்லவில்லை. அது உன் சொந்தப் பாட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னால்தானே தெரியும்?

மிஸ்டர் ஸ்ட்ராகனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "டேப்பைத் திருப்பிப் போட்டேன்னு சொல்லிக்கோ, அது நல்லாத்தான் இருக்கும். பொண்டாட்டி வீட்ல வாசிச்சதுன்னு சொன்னா ஊரே சிரிக்கும்பா" என்றார். எங்கள் பாட்டுகளில் அது ஒன்றுதான் ஜனங்கள் வாயில் இருக்கிறது. அதுவும் என்னுடையது இல்லையென்றால், இந்த ஊரில் நான் யார்? கொஞ்சம் யோசித்துப் பார். அடுத்த தட்டு வரட்டும், அதில் ஏதாவது செய்யலாம்.

அந்த அடுத்த தட்டுதான் இப்போது பிரச்சினை. ஆகஸ்டுக்குள் ஒரு பாட்டு வேண்டும் என்கிறார்கள். மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதெல்லாம் ஜி, சி, டி என்று வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறது. உனக்குச் சிரமமில்லையென்றால் ஓர் உதவி செய். மோரீன் வீட்டுக்காரனிடம் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. அதை ஓடவிட்டு நீ பாட்டுக்கு எதையாவது வாசி. எதுவானாலும் சரி. டேப்பை அனுப்பிவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோபப்படாதே.

நெவில்


கேம்டன் டவுன்
24 ஜூலை 1967

ஆட்ரி,

இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. நேற்று மோரீன் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அவ வீட்ல இல்லப்பா" என்றாள்.

"பியானோ சத்தம் கேக்குதே?"

"கேக்குதுதான். ஆனா வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னா."

என் கிட்டாரையே டேப்பில் பிடித்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நம்ம ஊர் பூட்ஸ் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற இயந்திரம் மாதிரி இருந்தது. டெரிக் எழுந்து வெளியே போனான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாள் முழுக்க என்ன வாசிக்கிறாய்? யாருக்கு வாசிக்கிறாய்? மிஸ்டர் கோப் இன்னும் வருகிறாரா? சரியாகிவிட்ட பியானோவுக்கு அவர் எதற்கு?

இரண்டு வரியாவது எழுது.

நெவில்


கெட்டரிங்
29 ஜூலை 1967

நெவில்,

பள்ளி விடுமுறை. வேலையாக இருந்தேன்.

ஒரு பாட்டு முடித்திருக்கிறேன். மெட்டும் வார்த்தையும் என்னுடையவை. நான்கு பக்கம் இசைத்தாளில் எழுதி, முதல் பக்கத்தின் தலையில் என் பெயரை மையில் போட்டு, நேற்று மிஸ்டர் ஸ்ட்ராகனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கு அனுப்பவில்லை. உன்னிடம் வந்தால் கண்ணாடி நாற்காலிக் கிழவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள், பிடித்தால் அப்படியே பாடுங்கள், உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லவேண்டாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.

அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயமாக இருக்கிறது. இதை உனக்கு எழுதியிருக்கக்கூடாது, ஆனால் எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

ஆட்ரி


கேம்டன் டவுன்
19 ஆகஸ்டு 1967

ஆட்ரி,

மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறானே, அவன் யார்?

முதலிலிருந்து சொல்கிறேன். வியாழக்கிழமை ஸ்டுடியோவில் மிஸ்டர் ஸ்ட்ராகன் முதல் தாளின் தலையை மடித்து, நான்கு தாளைக் கொண்டுவந்து நிறுத்தினார். "வாசிங்க. யாருதுன்னு அப்புறம் சொல்றேன்" என்றார். நாங்கள் பாதி வரைக்கும் தடுமாறினோம். இரண்டாவது சரணத்தில் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். தாளின் மடிப்பைப் பிரித்துப் பெயரைப் படித்தவன் டெரிக்தான்.

"ஆட்ரியா? நம்ம ஆட்ரியா?" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அவன் மெதுவாக, "அப்போ ரோவீனா? அதுவும் அவங்களுதாடா?" என்று கேட்டான்.

இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்போதுதான் உன் பாட்டை வாசித்து முடித்திருந்தோம், கை இன்னும் சூடாக இருந்தது. "ஆமா" என்றேன். அதற்குமேல் அந்த அறையில் நிற்க முடியவில்லை. பத்திரிகைக்காரனிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். நான் பயப்பட்டபடிதான் நடந்தது, அவன் சிரித்தான். ரோவீனாவின் அடுத்த அச்சில் உன் பெயர் வரும். புதுத் தட்டில் உன் பாட்டு முன்பக்கம், என்னுடையது பின்பக்கம். எது முன்பக்கம் என்று முடிவுசெய்யக் கையைத் தூக்கச் சொன்னார்கள். என் பாட்டுக்கு என் கை ஒன்றுதான்.

வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து அந்தப் பதிவைப் பதினோரு தடவை கேட்டுவிட்டேன். குற்றம் கண்டுபிடிப்பதற்காகத்தான் கேட்டேன், மறைக்கவில்லை. பல்லவியை ஒரே ஒரு தடவை பாட வைத்துவிட்டு, பிறகு அதைக் கொண்டுவரவே இல்லை. வரும் வரும் என்று மூன்று சரணமும் காத்திருக்க வைத்து, வராமலேயே முடிக்கிறாய். எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. இடதுகை தனியாக ஒரு பாட்டு பாடுகிறது, ஏழாவது தடவைதான் அது என் காதில் விழுந்தது. எட்டாவது தடவை உன்மேல் கோபம் வந்தது. ஒன்பதாவது தடவை கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பத்தாவது தடவைதான் அந்த மழைக்கோட்டுக்காரனைக் கவனித்தேன். மூன்றாவது சரணத்தில் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, தொப்பியை உன் பியானோமேல் வைக்கிறான். என்னிடம் மழைக்கோட்டே கிடையாது. தொப்பி போடுகிறவனும் இல்லை. அவன் உள்ளே வரும்போது மெட்டு எவ்வளவு நிம்மதியாக இறங்குகிறது! எனக்காக அப்படி எதுவும் இறங்கியதில்லை. அவன் யார், ஆட்ரி? மிஸ்டர் கோப்புக்கு என்ன வயது என்று நீ எழுதவே இல்லை. தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் எழுதினாய்.

பூனை கதை சொல்லாதே.

நெவில்


கெட்டரிங்
23 ஆகஸ்டு 1967

அன்புள்ள நெவில்,

மிஸ்டர் கோப்புக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு காதில் கருவி வைத்திருக்கிறார். இதை இன்னும் ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருக்கலாமென்று ஆசையாக இருந்தது, மனசு கேட்கவில்லை.

மழைக்கோட்டுக்காரன் யாரும் இல்லை. மூன்றாவது சரணத்தில் மெட்டு இரண்டு படி இறங்கியதும் அறைக்குள் யாராவது வரவேண்டும்போல இருந்தது. அதனால் ஒருத்தன் வந்தான். அந்த வரி கொஞ்சம் நீளமாக வேண்டியிருந்தது, அதனால் மழைக்கோட்டுப் போட்டுவிட்டேன். தொப்பியைக் கையிலேயே வைத்திருக்க விடமுடியாது, பியானோ பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். நானும் நம்பவில்லை. உன் பூனைக்குப் பின்னால் ஒரு பெண்ணைத் தேடி நான் இரண்டு வாரம் தூங்காமல் இருந்தேன். பாட்டு எப்படி வருகிறது என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாது என்பதை வார்த்தையோடு ஒரு பாட்டு எழுதித்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே, கேட்கவில்லை.

பத்திரிகையில் வந்தது. மோரீன் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். "எனக்கு முதல்லயே தெரியும்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்து என்னிடமும் சொன்னாள். ஸ்டுடியோவில் 'ஆமா' என்று சொன்னதற்கு உன்னைப் பாராட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தாமதமாகச் சொன்னாய். ஆனால் நான் அங்கே இல்லாதபோது சொன்னாய், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை வண்டியில் லண்டன் வருகிறேன். உன்னைச் சமாதானம் செய்வதற்காக இல்லை. மிஸ்டர் ஸ்ட்ராகன் பதிவை அனுப்பியிருந்தார், கேட்டேன். இரண்டாவது சரணத்தில் உன் கிட்டார் அளவுக்கு மீறிப் பேசுகிறது. டெரிக் அவசரப்படுகிறான். பியானோ வாசிக்கிற ஆளுக்கு இடதுகையே இல்லையா? அதை நான்தான் வாசிக்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். மிஸஸ் பெட்ஜரிடம் எனக்கு ஓர் அறை கேட்டு வை. தனி அறை. அதற்குப் பிறகு என்ன என்பதை வேலை முடிந்ததும் பேசலாம்.

உன் கடிதத்தை மோரீனிடம் காட்டினால் உடனே வக்கீலைப் பார்க்கச் சொல்வாள். சந்தேகம், கோபம், கிழவர்மேல் பழி, எல்லாம் இருக்கிறது அதில். நான் அதை மூன்று தடவை படித்தேன். பதினோரு தடவை கேட்டேன் என்று நீ எழுதியிருக்கிற இடம் வரும்போதெல்லாம் நின்றுவிட்டேன். இடதுகை தனியாகப் பாடுவது ஏழாவது தடவை காதில் விழுந்ததாமே. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, நெவில். நான் வாசித்த எதையும் நீ ஒரு தடவைகூட முடிவுவரை உட்கார்ந்து கேட்டதில்லை. பொறாமை தாங்காமல்தான் கேட்டிருக்கிறாய். பரவாயில்லை. கேட்டாய்.

ஆட்ரி